எண்பத்தெட்டாம் பெட்டிக்கு ஒரு பராமரிப்பாளர்

மூன்று வரி எழுத எனக்கு ஒரு மத்தியானம் போதுமாயிருந்தது. அந்த மூன்று வரியைப் போய்ச் சேர வேண்டிய இடத்தில் சேர்க்க ஐந்து மாதமும் ஒரு செத்த மனிதரும் வேண்டியிருந்தது.

என் பெயர் பூர்ணேஷ். கொப்பா தாலுகாவில் நேரளகொப்பா என் ஊர். வேலை பெங்களூர் மல்லேஸ்வரத்தில், ஆற்றுப் பெட்டிகளைப் பார்த்துக்கொள்ளும் ஒரு சின்னக் கம்பெனியில். மலைநாட்டின் தாழ்வான பாலங்களுக்குக் கொஞ்சம் மேல்திசையில், தண்ணீருக்கு மேலே கம்பம் நட்டு, அரசாங்கம் இருநூற்றுப் பதினான்கு பெட்டிகளை மாட்டி வைத்திருக்கிறது. பத்து வினாடிக்கு ஒரு தரம் பெட்டி தண்ணீரைப் பார்த்து ஒரு சத்தம் போடும். எதிரொலி எவ்வளவு நேரத்தில் திரும்புகிறது என்று பார்த்து நீர்மட்டத்தைச் சொல்லும். மட்டம் ஏறினால் பாலத்தில் இருக்கும் சைரன் ஊதும். சத்தம் போடும் கருவிக்கும், பெட்டியின் மூளையான கெர்னல் என்கிற மூல நிரலுக்கும் நடுவில் நின்று பேச்சுவார்த்தை நடத்தும் நிரலுக்கு டிரைவர் என்று பெயர். அதை எழுதியவர் அனந்த பாய்ரி.

பாய்ரி சார் எங்கள் கம்பெனியில் எனக்கு எதிர் மேஜை. குந்தாபுரத்துக்காரர். அவருக்குக் கொக்குகளால் ஒரு தொல்லை இருந்தது. பெட்டிக்குக் கீழே ஒரு கொக்கு பறந்து போனால் தண்ணீர் ஒரே நொடியில் இரண்டு முழம் ஏறிவிட்டதாகப் பெட்டி நினைத்துக்கொள்ளும்; சைரன் அலறும்; தாலுகா ஆபீஸ் ஜீப் ஓடும். அதனால் டிரைவரில் ஒரு நிபந்தனை வைத்தார். முந்தைய அளவிலிருந்து அரை மீட்டருக்கு மேல் தாண்டி எது வந்தாலும் நம்பாதே, பழைய அளவையே சொல். கொக்குகள் அடங்கின. ஆனால் மேலே மலையில் கொட்டும் மழை ஹள்ளத்தில், அதாவது எங்கள் காட்டாற்றில், படிப்படியாக இறங்கி வருவதில்லை. சுவர் மாதிரி ஒரேயடியாக மூன்று மீட்டர் வரும். பெட்டி அதையும் கொக்கு என்றே எடுத்துக்கொள்ளும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி சாயங்காலம் நான்கு பத்துக்கு அதுதான் நடந்தது. எங்கள் ஊர்ப் பாலத்தில் எண்பத்தெட்டாம் பெட்டியின் சைரனைச் சோதிக்க பாய்ரி சார் மடிக்கணினியோடு நின்றிருந்தார். வெள்ளம் வந்தது. சைரன் ஊதவில்லை. இரண்டு நாள் கழித்து அவரை ஆறு மைல் தள்ளி எடுத்தார்கள். மடிக்கணினி கிடைக்கவேயில்லை. விசாரணை வைத்தார்கள். நான்கு பத்துக்குப் பெட்டியின் பதிவு: நீர்மட்டம் 0.84 மீட்டர், அமைதி. தண்ணீர் முழங்காலுக்கு மேல் சற்றுத்தான் இருந்தது என்று கருவியே சொல்வதால், அன்னார் சொந்தக் கவனக்குறைவால் கால் வழுக்கி விழுந்தார் என்று எழுதிக் கோப்பை மூடினார்கள்.

அடுத்த ஜனவரியில் நான் அந்த மூன்று வரியை எழுதினேன். தள்ளிவிட்ட அளவுகள் தொடர்ந்து ஐந்து தரம் ஒன்றுபோலவே வந்தால் அது கொக்கு இல்லை, வெள்ளம்; நம்பு. அவ்வளவுதான். எனக்கு அவசரத்துக்குக் காரணம் இருந்தது. என் அக்கா மமதா அந்தப் பாலத்துக்கு அந்தப் பக்கம் அங்கன்வாடி டீச்சர். தினமும் நான்கு மணிக்குக் குழந்தைகளை அனுப்பிவிட்டு, நான்கு பத்து வாக்கில் அந்தப் பாலத்தின் மேல் தனியாக நடந்து வீட்டுக்கு வருவாள். ஜூனில் மழை ஆரம்பித்துவிடும்.

அரசாங்கப் பெட்டியில் ஒரு வரி சேர்க்க வேண்டுமானால் மாநில உட்பொதி மென்பொருள் ஒப்புதல் சபை சம்மதிக்க வேண்டும். சபை பிறந்த கதை எளிது. உலகத்துக் கெர்னல்காரர்கள் எப்படி வேலை செய்கிறார்கள் என்று பார்த்துவர ஆறு அதிகாரிகள் வெளிநாடு போனார்கள். அங்கே ஒரு பேட்ச் என்றால் ஒரே ஒரு மாற்றம். படிக்கிறவர் ஒரே மூச்சில் படித்துச் சரியா தப்பா என்று சொல்லும்படி இருக்க வேண்டும். எழுதினவர் கையெழுத்து, பார்த்தவர் கையெழுத்து எல்லாம் அடியில் இருக்க வேண்டும். நல்ல வழக்கம்தான். நம்மவர்கள் வழக்கத்தை அப்படியே தூக்கிக்கொண்டு வந்தார்கள். படிப்பதை மட்டும் விமானத்திலேயே மறந்து வைத்துவிட்டார்கள்.

முதல் பதில் பத்து நாளில் வந்தது. இரண்டாவது வரியின் கடைசியில் ஒரு காலி இடம் இருக்கிறதாம். நிராகரிக்கப்படுகிறது. காலி இடத்தை எடுத்துவிட்டு இரண்டாம் பதிப்பு அனுப்பினேன். மூன்று வரியில் இரண்டு எண்ணங்கள் இருக்கின்றன, ஒரு பேட்சுக்கு ஒரு எண்ணமே அனுமதி என்றார்கள். முதல் வரி எண்ணுவதற்கு ஒரு மாறியை அறிவிக்கிறது. மற்ற இரண்டும் அதை உபயோகிக்கின்றன. பிரித்து அனுப்பினேன். முதல் பேட்சில் அறிவித்த மாறியை அந்த பேட்சில் யாருமே உபயோகிக்கவில்லை, உபயோகமற்ற பொருளைக் கெர்னலில் சேர்க்க இயலாது என்று திரும்பி வந்தது. மறுபடி சேர்த்து அனுப்பினேன். இரண்டு எண்ணங்கள் என்று திரும்பி வந்தது.

நான் நேரில் போனேன். சபை ஐந்தாவது மாடியில் இருந்தது. எழுத்து நடைப் பரிசோதனை அதிகாரி கமலாக்ஷி மேடம் மேஜை முழுக்க அச்சடித்த பேட்சுகளைப் பரப்பி, ஸ்கேல் வைத்து வரிகளின் நீளத்தை அளந்துகொண்டிருந்தார்.

"மேடம், பிரிச்சா உபயோகமில்லைங்கறீங்க, சேர்த்தா ரெண்டு எண்ணம்ங்கறீங்க. நான் என்னதான் பண்றது?"

"அதை நாங்க சொல்லக்கூடாதுப்பா. சொன்னா அது எங்க எண்ணம் ஆயிடும். பேட்ச் உங்களுது."

"அந்த மூணு வரி என்ன பண்ணுதுன்னு பார்த்தீங்களா மேடம்?"

அவர் ஸ்கேலைக் கீழே வைத்தார். கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தார்.

"நான் பதினோரு வருஷமா இந்த வேலையில இருக்கேன், பூர்ணேஷ். ஒரு தடவைகூட உள்ளே என்ன எழுதியிருக்குன்னு பார்த்ததில்லை. பார்த்தா பாரபட்சம் வந்துடும். இது நல்லதுக்கு, அது கெட்டதுக்குன்னு மனசு சாய்ஞ்சுடும். அப்புறம் காலி இடம் கண்ணுல படாது."

கிளம்பும்போது இரக்கப்பட்டு ஒரு வழி சொன்னார். மூன்று வரி தனியாக வந்து நிற்பதால்தான் துருத்திக்கொண்டு தெரிகிறதாம். சுற்றியிருக்கிற பழைய வரிகளை முதலில் சுத்தம் செய்து, அதற்குப் பல பேட்ச் போட்டு, நடுவில் இதை நுழைத்தால் கூட்டத்தோடு கூட்டமாகப் போய்விடுமாம். அப்படித்தான் மூன்று வரி பதினேழு பேட்சாகவும் நானூற்றுப் பன்னிரண்டு வரியாகவும் வளர்ந்தது. பதினேழையும் அறிமுகப்படுத்த ஒரு முகவுரை. ஒவ்வொரு பதிப்புக்கும் முந்தைய பதிப்பிலிருந்து என்ன மாறியது என்று ஒரு வரலாறு. என் ஏழாவது பேட்சில் அந்த மூன்று வரி இருந்தது. அதைத் தேட எனக்கே கொஞ்ச நேரம் ஆனது.

பாய்ரி சார் எழுதிய பழைய வரிகளைச் சுத்தம் செய்வதுதான் சங்கடமாக இருந்தது. நடுநடுவே அவருடைய குறிப்புகள் இருந்தன. 'கொக்கு தொல்லை, பிறகு யோசிக்க.' 'இந்த எண் சரியா என்று மழைக்காலத்தில் நேரில் போய்ப் பார்க்க.' எதிர் மேஜை காலியாக இருந்தது. அந்தக் குறிப்புகளை நீக்க ஒரு தனி பேட்ச் போட்டேன். போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் வெளியே போய் நின்றேன்.

வீட்டுக்கு போன் செய்தால் அக்காவின் கேலி வேறு.

"என்ன மாராயா, மூணு வரி எழுத மூணு மாசமா? நம்ம அங்கன்வாடிப் பிள்ளைங்க 'அ ஆ' ஒரு வாரத்துல எழுதுதுங்க. வேணும்னா ரெண்டு பேரை அனுப்பட்டுமா?"

"நீ மழை ஆரம்பிச்சதும் அந்தப் பாலத்துல வராதே அக்கா. சுத்திக்கிட்டு வா."

"சுத்திக்கிட்டு வந்தா ஏழு மைலு. நீ வந்து என்னைத் தூக்கிக்கிட்டுப் போவியா?"

ஏப்ரலில் பரிசீலனைக் கூட்டத்துக்கு அழைத்தார்கள். தலைவர் டாக்டர் ஹிரேமட். வெள்ளை வேட்டி மாதிரி மடிப்புக் கலையாத பேச்சு. பதினேழு பேட்சையும் கையில் எடுத்து எடை பார்த்து, திருப்தியாகத் தலையசைத்தார்.

"இப்பதான் பார்க்க பேட்ச் மாதிரி இருக்கு. முதல்ல நீங்க அனுப்பினது என்ன? மூணு வரி! திடீர்னு வந்து நின்னுச்சு. திடீர்னு வர்ற எதையும் இந்தச் சபை நம்பாது, பூர்ணேஷ். கொஞ்சம் கொஞ்சமா வரணும். அரை அடி, அரை அடியா. பெருசா ஒண்ணு வந்தா அது பிழையாத்தான் இருக்கும்னு எடுத்துக்கிட்டு நாங்க பழைய நிலையிலேயே நிப்போம். அதான் ஸ்திரத்தன்மை."

பாய்ரி சாரின் டிரைவரை யாரோ மைக் வைத்துப் படித்துக் காட்டுவது போலிருந்தது.

"எல்லாம் சரி" என்றார் ஹிரேமட். "ஒண்ணுதான் பாக்கி. இந்த டிரைவருக்குன்னு ஒரு பராமரிப்பாளர் இருக்காரே, அவர் ஒப்புதல் வரி. பட்டியல்ல பேரு இருக்கு பாருங்க, அ. பாய்ரி."

"சார், அவர் போன ஆகஸ்ட்ல தவறிப்போயிட்டார்."

கூட்டத்தில் எல்லோரும் தலையைக் குனிந்தார்கள். துக்கத்தினால் என்று நினைத்தேன். கமலாக்ஷி மேடம் விதிப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"அதுக்கு விதி இல்லை" என்றார். "பதில் வரலைன்னா ரெண்டு வாரம் காத்திருந்து மரியாதையா ஞாபகப்படுத்தணும். அவ்வளவுதான் இருக்கு."

"அப்ப பட்டியல்லேர்ந்து அவர் பேரை எடுத்துடலாமே மேடம்?"

"தாராளமா. ஒரு பேட்ச் அனுப்புங்க. பேரை நீக்கற பேட்சுக்கு அந்தப் பேருக்கு உரியவர் ஒப்புதல் கொடுக்கணும்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கரித்தது. அவரைக் கொன்ற பிழையைத் திருத்த அவரிடமே போய் அனுமதி கேட்கச் சொன்னார்கள். நான் கேட்டேன். வேறென்ன செய்ய? பதினேழு பேட்சையும் பாய்ரி சாரின் பழைய முகவரிக்கு அனுப்பினேன். இரண்டு வாரம் கழித்து, விதிப்படி, மரியாதையாக ஞாபகப்படுத்தினேன். 'மதிப்பிற்குரிய பாய்ரி சார், தங்கள் பார்வைக்கு மறுபடியும்.'

மே பதினான்காம் தேதி சாயங்காலம் கோடுபளே சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தேன். நான்கு பத்துக்குப் பதில் வந்திருந்தது.

'பூர்ணேஷ், ஏழாவது பேட்சைப் படித்தேன். சரியான யோசனை. நான் செய்திருக்க வேண்டியது. ஆனால் ஐந்து அளவு வேண்டாம். பெட்டி இருக்கும் வளைவிலிருந்து பாலத்துக்கு வெள்ளம் வந்து சேர ஐம்பத்திரண்டு வினாடி. ஐந்து அளவுக்கு ஐம்பது வினாடி போய்விடும். மிச்சம் இரண்டு வினாடி. இரண்டு வினாடியில் பாலத்திலிருந்து யாரும் இறங்க முடியாது. மூன்று அளவு போதும். நான் எண்ணிப் பார்த்தேன். மற்ற பதினாறும் எதற்கு? அ. பாய்ரி.'

அதற்குக் கீழே, எண்பத்தெட்டாம் பெட்டியின் பதிவுகளில் வருகிற மாதிரியே ஒரு வரி: 'நீர்மட்டம் 0.84 மீட்டர். அமைதி.'

எதிர் மேஜையைப் பார்த்தேன். மின்விசிறிக் காற்றில் அவருடைய பழைய காலண்டர் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. வெளியே நல்ல வெயில், கீழே யாரோ இளநீர் வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஐந்து மாதத்தில் என் மூன்று வரியைப் படித்த முதல் ஆள் அவர்தான்.

யாராவது விஷமம் செய்கிறார்களா என்று பார்க்க சபையின் மெயில் பிரிவு குமாஸ்தா சித்தலிங்கய்யாவிடம் ஓடினேன். அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு மெயில் எங்கிருந்து வந்தது என்று வழித்தடத்தைப் பார்த்தார். பார்த்துவிட்டு நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார்.

"சார், அவர் கணக்கை நானே செப்டம்பர்ல மூடினேன். இது வேற எங்கேர்ந்தோ வந்திருக்கு. உங்க ஊரு பெட்டி. எண்பத்தெட்டு."

"பெட்டி எப்படி மெயில் அனுப்பும்?"

"அதை என்னைக் கேக்காதீங்க. நான் நாளைக்கு லீவு."

பயந்து நடுங்கியவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். சபை துளிக்கூடப் பயப்படவில்லை. டாக்டர் ஹிரேமட் மெயிலைப் படித்துவிட்டு என் தோளைத் தட்டினார்.

"பார்த்தீங்களா? காத்திருந்தா பதில் வரும்னு விதி சொல்லுது. வந்துடுச்சு."

"சார், அவர் செத்துட்டார் சார். நான் தகனத்துக்குப் போயிருந்தேன்."

"அது அவரோட சொந்த விஷயம். நான் அதுல தலையிட மாட்டேன். ஆனா ஒரு குறை. 'சரியான யோசனை'ன்னு எழுதியிருக்கார். முறைப்படி 'ஒப்புதல் அளிப்பவர்'னு போட்டு, பேரு, முகவரி எல்லாம் தனி வரியில வரணும். திருப்பி அனுப்பச் சொல்லுங்க."

செத்தவரிடம், ஐயா உங்கள் ஒப்புதல் சரியான படிவத்தில் இல்லை என்று நான் எழுதினேன். மறுநாள் நான்கு பத்துக்குத் தனி வரியில், ஒரு புள்ளிகூடப் பிசகாமல் ஒப்புதல் வந்தது. கீழே அதே 0.84. அமைதி. சபை அந்த ஒழுங்கில் மயங்கிவிட்டது. உயிரோடு இருக்கும் பராமரிப்பாளர்கள் மாதக்கணக்கில் பதில் போடாத இன்னும் ஒன்பது டிரைவர்களை அவர் பெயருக்கு மாற்றினார்கள். ஒன்பதுக்கும் தினமும் நான்கு பத்துக்குப் பதில் வர ஆரம்பித்தது. ஒவ்வொன்றிலும் ஒரு உண்மையான பிழையைச் சுட்டிக்காட்டியிருந்தார். பிழைகளை யாரும் பார்க்கவில்லை. பதில் வந்த நேரத்தை மட்டும் பதிவேட்டில் குறித்துக்கொண்டார்கள்.

மே கடைசி வாரம் அவருக்கு அந்த ஆண்டின் சிறந்த பராமரிப்பாளர் விருது. மேடையில் ஒரு காலி நாற்காலி. அதன் முதுகில் சால்வை போர்த்தி, உச்சியில் மைசூர் பேட்டா தலைப்பாகையை வைத்து, உட்காரும் இடத்தில் ஒரு தட்டு பழம் வைத்தார்கள். ஹிரேமட் உணர்ச்சிவசப்பட்டுப் பேசினார்.

"பாய்ரி அவர்களைப் பார்த்து நம்ம ஊழியர்கள் கத்துக்கணும். லீவு கேட்டதில்லை. பதவி உயர்வு கேட்டதில்லை. ஒரு நாளாவது தாமதம் உண்டா? உயிரோட இருக்கறதுனால வர்ற தொந்தரவுகள் எதுவும் அவர்கிட்ட இல்லை. எனக்கு ஒரே வருத்தம், இவர் உயிரோட இருந்தப்ப நாம இவரை இப்படிப் பயன்படுத்திக்கலையேன்னுதான்."

கைதட்டல் அடங்க நேரமானது. பாய்ரி சாரின் மனைவியை யாரும் அழைத்திருக்கவில்லை. கவனக்குறைவால் வழுக்கி விழுந்தவரின் குடும்பத்தை அழைக்கும் வழக்கம் இல்லையாம்.

விழா முடிந்ததும் நான் ஹிரேமட்டைப் பிடித்தேன். பாய்ரி சார் சொன்னபடி ஐந்தை மூன்றாக்கிப் பன்னிரண்டாம் பதிப்பு அனுப்பியிருந்தேன்.

"ஆமா, பார்த்தேன்" என்றார் பழத்தை உரித்தபடி. "அவர் ஒப்புதல் கொடுத்தது ஐந்துக்கு. நீங்க மூணாக்கிட்டீங்க. பேட்ச் மாறினா பழைய ஒப்புதல் செல்லாது."

"அவர் மூணாக்கச் சொன்னதாலதானே சார் மாத்தினேன்!"

"அதனாலதான். முதல்லேர்ந்து மறுபரிசீலனை. ஆனா இன்னிக்கு மே முப்பத்தொண்ணு, புது பேட்ச் எடுத்துக்கற சேர்க்கை சாளரம் மூடுது. இனிமே அக்டோபர்ல தொறப்போம்."

"சார், மழை ஜூன்ல வருது. அக்டோபர்ல நின்னுடும். என் அக்கா அந்தப் பாலத்துல நடக்கறா சார்."

அவர் என்னை அன்போடு பார்த்தார். "மழைக்கும் ஒரு ஒழுங்கு வேணும்னு நானும் எத்தனையோ கூட்டத்துல சொல்லியிருக்கேன், பூர்ணேஷ். யார் கேக்கறாங்க?"

ஜூன் இருபதாம் தேதி நான் லீவு எழுதிக்கொடுத்துவிட்டு ஊருக்குப் பஸ் ஏறினேன். மடிக்கணினியில் மூன்று வரி இருந்தது. அனுமதியில்லாமல் அரசாங்கப் பெட்டியில் கை வைத்தால் வேலை போகும், கேஸும் வரும். போகட்டும் என்று இருந்தது. கோபம் தலைக்கேறினால் இருக்கிற தைரியம் எனக்குச் சாதாரணமாக இருப்பதில்லை.

பாலத்தை அடைந்தபோது மணி நான்கு. எங்கள் ஊரில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. மேலே மலை மட்டும் கன்னங்கரேலென்று மூடியிருந்தது. சைரன் கம்பத்திலிருந்து பெட்டிக்குப் போகும் கம்பியில் மடிக்கணினியை இணைத்தேன். பாய்ரி சார் கடைசியாக நின்ற இடம் அதுதான். திரையில் டிரைவர் விரிந்தது. நான் மூன்று வரியைச் சேர்க்க வேண்டிய இடத்தில் மூன்று வரி ஏற்கெனவே இருந்தது. ஐந்து இல்லை, மூன்று. சேர்த்தவர்: அ. பாய்ரி. மே பதினான்கு, மாலை நான்கு பத்து.

நான் அப்படியே கம்பத்தைப் பிடித்துக்கொண்டேன். யார் படிக்கிறார்கள், யார் ஒப்புதல் தருகிறார்கள் என்று காத்திராமல், படித்த அன்றே, படித்த நிமிஷமே மனிதர் சேர்த்துவிட்டிருந்தார்.

"டேய்! வேலையை விட்டுட்டு வந்துட்டியா, துரத்திட்டாங்களா?"

எதிர்க்கரையில் மமதக்கா. ஒரு கையில் குடை, ஒரு கையில் டிபன் தூக்கு. கேள்வி கேட்டுக்கொண்டே பாலத்தில் இறங்கிப் பத்தடி வந்துவிட்டாள்.

"அங்கேயே நில்லு அக்கா!"

"ஏன், பாலத்துக்கும் ஒப்புதல் வாங்கணுமா?"

அப்போது சைரன் ஊதியது. என் தலைக்கு மேலேயே. நான் வாழ்க்கையில் கேட்டதிலேயே இனிமையான சத்தம் அதுதான். அக்கா மலைநாட்டுக்காரி, நின்று யோசிக்கிற ஜாதி இல்லை. தூக்கை வீசியெறிந்துவிட்டு, புடவையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு திரும்பி ஓடினாள். நான் எண்ணினேன். பதினெட்டு, பத்தொன்பது, இருபது. வளைவில் சேற்று நிறத்தில் அது தலையை நீட்டியது. இருபத்திரண்டில் பாலம் இல்லை. அக்கா நின்றிருந்த இடமும் இல்லை. மேட்டில், பலாமரத்தடியில் அவள் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

கூப்பிட்டால் கேட்காத இரைச்சல். போன் அடித்தது.

"டேய், என் தூக்கு போச்சு" என்றாள். அப்புறம் அழுதாள். நானும் இந்தக் கரையில் உட்கார்ந்து சத்தமாக அழுதேன்.

அழுது முடித்துத் திரையைப் பார்த்தால் நான்கு பத்துக்கு ஒரு மெயில் வந்திருந்தது. எனக்கு மட்டும் இல்லை, சபையில் எல்லோருக்கும் போகும் பொது மெயில் பட்டியலுக்கே. விஷயம் எதுவும் எழுதியிருக்கவில்லை. அடியில் வழக்கமாக வரும் வரி மட்டும் மாறியிருந்தது.

'போன ஆண்டு ஆகஸ்ட் ஒன்பது, மாலை நான்கு பத்து. நீர்மட்டம் 3.12 மீட்டர். வெள்ளம்.'

பத்து மாதமாக அவரைக் கால் வழுக்கி விழுந்தவராக வைத்திருந்த பெட்டி, மூன்று வரியால் முதல் தடவையாக ஒரு வெள்ளத்தை நம்பியதும் உண்மையைச் சொல்லிவிட்டது. பட்டியலில் வந்த எதையும் யாரும் அழிக்கக்கூடாது. அதுவும் சபையின் விதிதான். அந்த மெயிலை அச்சடித்துப் பாய்ரி சாரின் மனைவியிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்த அம்மாள் படித்துவிட்டு, "எனக்குத் தெரியும், அவர் தண்ணிக்குப் பக்கத்துல அப்படி அசட்டையா நிக்கிற ஆள் இல்லை" என்று மட்டும் சொல்லி, காகிதத்தை மடித்து உள்ளே கொண்டுபோய் வைத்தார்.

சபை அவசரக் கூட்டம் போட்டது. ஒரு உயிர் பிழைத்ததைப் பற்றி அல்ல. எண்பத்தெட்டாம் பெட்டியில் ஒப்புதல் இல்லாத மூன்று வரி ஓடிக்கொண்டிருப்பதைப் பற்றி.

"யார் போட்டாங்கன்னு நான் கேக்கப் போறதில்லை" என்றார் ஹிரேமட். "விருது வாங்கினவரைக் குற்றம் சொல்றது மரபில்லை. ஆனா அந்த மூணு வரி உடனே வெளியே வரணும். உடனேன்னா, முறைப்படி. பூர்ணேஷ், நீக்கறதுக்கு நீங்களே ஒரு பேட்ச் எழுதுங்க. அதைப் பராமரிப்பாளருக்கு அனுப்பி ஒப்புதல் வாங்கிடுங்க."

நான் எழுதினேன். மூன்று வரியை நீக்கும் பேட்ச். பாய்ரி சாருக்கு அனுப்பிவிட்டு மறுநாள் நான்கு பத்து வரை ஒரு வாய் சோறு இறங்கவில்லை. பதில் வந்தது.

'நிராகரிக்கப்படுகிறது. ஒரே பேட்சில் இரண்டு எண்ணங்கள் நீக்கப்படுகின்றன. பிரித்து அனுப்பவும். அ. பாய்ரி.'

பிரித்து அனுப்பினேன். தனியாக எடுத்தால் உபயோகமற்ற மாறி ஒன்று மிஞ்சுகிறது, கெர்னலில் உபயோகமற்ற பொருளை விட்டுவைக்க இயலாது, நிராகரிக்கப்படுகிறது என்று எழுதினார். சேர்த்து அனுப்பினேன். இரண்டு எண்ணங்கள் என்றார். முதலில் சுற்றியிருக்கும் வரிகளைச் சுத்தம் செய்யச் சொன்னார். பதினேழு பேட்ச் ஆனது. சபை ஒவ்வொரு பதிலையும் படித்து, குறுக்கே பேச முடியாமல், விதிப்படிதான் இருக்கிறது என்று பதிவு செய்துகொண்டது. கமலாக்ஷி மேடம், இவ்வளவு நுணுக்கமான பரிசீலனையைத் தன் சர்வீஸில் பார்த்ததில்லை என்று கோப்பிலேயே எழுதினார்.

மழைக்காலம் முடிந்து அடுத்த மழைக்காலமும் வந்துவிட்டது. பாலத்தைக் கொஞ்சம் உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள். அக்கா புதுத் தூக்கு வாங்கிவிட்டாள். நான் நேற்று நீக்கல் பேட்சின் முப்பத்தோராம் பதிப்பை அனுப்பினேன்.

இந்தத் தடவையும் ஏழாவது பேட்சில், இரண்டாவது வரியின் கடைசியில், ஒரு காலி இடம் விட்டிருக்கிறேன். அவர் கண்ணில் அது படாமல் போகாது.